உப்புப் பூத்த செட்டை

மூதூர் இறங்குதுறையில் ஜமால்தீன் என்று கேட்டால், "எந்த ஜமால்தீன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிளேன் ஜமால் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். பட்டப்பெயர் வைப்பதில் துறைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. வைத்ததைக் கழற்றத்தான் அவர்களுக்குத் தெரியாது.

பெயர் வந்த கதை இதுதான். சமாதான காலத்தில், சுனாமிக்கு முந்திய வருடம், சங்கு குளிக்கப் போன ஜமால்தீன் வெளிச்சவீட்டுக்கு அப்பால் வேறு யாரும் இறங்காத ஓர் இடத்தில் இறங்கினார். மேலே வந்தபோது பையில் ஒரு சங்குகூட இல்லை. அடியில் ஒரு விமானம் கிடக்கிறது, அந்தக் காலத்துச் சண்டை விமானம், முழுசாகக் கிடக்கிறது என்றார். ஒரு துண்டைக் கழற்றிக்கொண்டு வா, பார்ப்போம் என்றார்கள். மாட்டேன் என்றார். சரி, இடத்தையாவது காட்டு என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். பிறகு சுனாமி வந்து கடலடியையே புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு அவர் காட்ட நினைத்தாலும் காட்ட ஒன்றுமில்லை என்று ஊர் முடிவு கட்டியது. இன்றைக்கும் சீனன்குடா விமானத்தளத்தில் இருந்து எழும்பும் விமானம் துறைக்கு மேலால் போனால், தேத்தண்ணிக்கடை அலியார் காக்கா கரண்டியைத் தூக்கி வானத்தைக் காட்டுவார்.

"ஜமால், உன்ர பிளேன் காஞ்சிட்டுது போல. பறக்குது பார்!"

ஜமால்தீனின் மனைவி ஸல்ஹா, கேக் அடித்து விற்பவள். அவள் ஒருநாளும் அவர் கதையைப் பொய் என்று சொன்னதில்லை. ஓம் என்றும் சொன்னதில்லை. அவர் அந்தக் கதையை எடுக்கும் போதெல்லாம், "சரி, தேத்தண்ணிய ஆறமுந்திக் குடிங்க" என்று அந்தப் பேச்சை அங்கேயே மூடிவிடுவாள். அந்தத் தேத்தண்ணியை மனுசன் இருபது வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஒருத்தியாவது நம்ப மாட்டாளா என்று அவர் ஏங்குவது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், நம்பாத ஒன்றை நம்பியதாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாவில் கலப்படம் செய்யாதவள், பேச்சில் மட்டும் எப்படிச் செய்வாள்?

இந்த வருடம் கத்தாரில் இருந்து விடுமுறைக்கு வந்த மகன் அப்ராஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே துண்டு துண்டாக ஒரு விமானம். ஒட்டி, நிறம் பூசி, அசலைப்போலவே ஆக்கிவைக்கிற சாமான். "வாப்பா சொல்லுற மாதிரி மூக்கு உருண்டையான பிளேனாப் பார்த்து எடுத்தனான்" என்றான். அது பாசமா, கேலிப் பகிடியா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை. அவன் திரும்பிப் போன அடுத்த நாளே ஜமால்தீன் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

ஒருமுறை கடலுக்குள் இருந்து அவசரமாக மேலே வந்ததில் அவருடைய வலக்கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. இடக்கையால்தான் எல்லாவற்றையும் ஒட்டினார். பெட்டியில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு விமானி உருவமும் இருந்தது. அதை மட்டும் அவர் ஒட்டவில்லை. பஞ்சில் சுற்றி ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். கண்டும் காணாததுபோல் ஸல்ஹா இருந்தாள். நிறம் பூசும் கட்டம் வந்ததும் விரல்கள் அவரைக் கைவிட்டன.

"புள்ள, உன்ர கேக் மெஷினால இதுக்கு நிறம் ஊதேலுமா?" என்று கேட்டார்.

கேக்குக்கு நிறம் ஊதுகிற அந்தச் சின்ன மெஷின் ஸல்ஹாவின் உயிர். முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு ஓம் என்றாள். கலியாண வீட்டுக் கேக்கில் மயிலையே இறக்கிவிடுகிற கை அவளுடையது. ஒரு விமானம் எம்மாத்திரம்! கைபேசியில் தேடினால், உலகமெங்கும் வளர்ந்த ஆண்பிள்ளைகள் இதே வேலையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசிய பாஷை விளங்காததால் வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள். ஆசையாகப் பூசிய புது நிறத்தை அவர்களே பிறகு மெனக்கெட்டுப் பழசாக்கினார்கள். வெயிலில் வெளுத்ததுபோல, புகை படிந்ததுபோல, உரிந்ததுபோல. விசர், பைத்தியம் என்று நினைத்துச் சிரித்தாள். மூன்றாவது வீடியோவில், கடலில் கிடந்ததுபோலவே ஒன்றை ஆக்கியதைக் கண்டதும், சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க கண்ட மாதிரியே பூசுறன். கேட்கக் கேட்கச் சொல்லுங்க" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அதற்குள் ஒரு கள்ளமும் இருந்தது. திங்கட்கிழமை கேட்டதை வெள்ளிக்கிழமை வேறு மாதிரிக் கேட்டாள், பொலிஸ்காரர் விசாரிப்பதுபோல. வால் எந்தப் பக்கம் சரிந்து கிடந்தது? இடப்பக்கம். பாசி எங்கே கூட? மேலே, வெளிச்சம் படுகிற பக்கம். நாலு நாள் கழித்துக் கேட்டாலும் வால் இடப்பக்கம்தான் சரிந்தது. பெட்டியோடு வந்த சிவப்பு வட்ட அடையாளங்களை ஒட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

"அடையாளம் ஒண்டும் தெரியேல்ல. ஆருடையதெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை ஒட்டாத."

முதலில் வெள்ளி நிறம் ஊதினாள். அதன்மேல் தண்ணீர் தெளித்து, நொறுக்கிய கல்லுப்பைத் தூவிக் காயவிட்டு, மேலே பச்சையை ஊதினாள். காய்ந்ததும் தூரிகையால் உப்பைத் தட்டிவிட, உப்பு இருந்த இடமெல்லாம் பச்சை விட்டு, அடியில் இருந்த வெள்ளி எட்டிப் பார்த்தது. கடல் கடித்துத் தின்றதுபோலவே இருந்தது. ஜமால்தீன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "கடல் செஞ்ச வேலைய உப்பு செய்யுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்து வந்தது துரு. துருவில் ஸல்ஹா தன் கைவரிசை முழுவதையும் காட்டினாள். பழுப்பான கபிலத்தில் மூன்று வகை குழைத்து, செட்டை என்று அவர்கள் சொல்லும் இரண்டு இறக்கைகளிலும் வழியவிட்டு, ஓரங்களில் செம்மஞ்சள் தடவினாள். தொட்டால் விரலில் ஒட்டும் போல இருந்தது. துறையில் இருந்து வந்த புருசனிடம் பெருமையோடு காட்டினாள்.

ஜமால்தீனின் முகம் விழுந்துவிட்டது.

"செட்டையில துரு இல்ல புள்ள."

"என்ன கதை கதைக்கிறீங்க? அம்பது அறுவது வருசம் உப்புத் தண்ணிக்க கிடந்திருக்கு. நங்கூரத்தைப் பாருங்க, சங்கிலியைப் பாருங்க."

"மூக்குக்குள்ள துரு இருந்திச்சு, எஞ்சினில. செட்டை வெள்ளையாப் பூத்திருந்திச்சு. மா தூவின மாதிரி. அங்கங்க சின்னச் சின்ன ஓட்டை."

"அதெப்படி ஒரு பக்கம் துருப்பிடிச்சு ஒரு பக்கம் பிடிக்காம இருக்கும்?"

"ஏனெண்டு என்னட்டக் கேக்காத. எனக்கும் தெரியாது. கண்டதைத்தான் சொல்லுறன்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஸல்ஹா மேசையில் கையூன்றி நின்றாள். கடலுக்குள் கிடந்த ஒன்று துருப்பிடிக்கவில்லையாம். பிடிபட்டுப் போனாரே மனுசன்! வென்றுவிட்ட சந்தோசம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது. அவர் சொல்வது உண்மையாக இருக்கவேண்டுமென்று இந்த நாட்களில் தான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

துக்கம் வந்தாலும் மத்தியானத்துக்குச் சோறாக்கத்தானே வேண்டும். குசினிக்குள் போய்க் கருவாடு எடுக்கக் குனிந்தாள். கருவாட்டை உப்பில் போட்டுவைக்கிற பழைய அலுமினியச் சட்டி, அவள் சீதனத்தோடு வந்தது, மூலையில் இருந்தது. மூடியைத் திறந்தவள் கருவாட்டை ஒதுக்கிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தாள்.

சட்டியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மா தூவின மாதிரி. பெருவிரலால் தேய்த்தாள், வெள்ளைக்கு அடியில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள். சட்டிக்குப் போட்டிருந்த இரும்புக் கைப்பிடி மட்டும் துருவேறிக் கபிலமாக இருந்தது. ஒரே சட்டி, ஒரே உப்பு. ஒரு பக்கம் துரு, ஒரு பக்கம் பூ.

கைபேசியை எடுத்து மகனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "மகன், பிளேனை என்னத்தால செய்யுற?"

கொஞ்ச நேரத்தில் அப்ராஸின் பதில் வந்தது. "அலுமினியம் உம்மா. இரும்பால செஞ்சா எழும்புமா? எஞ்சினுக்கதான் இரும்புச் சாமான் கிடக்கும். ஏன் கேக்கிறீங்க?"

ஸல்ஹா கைபேசியைக் கீழே வைத்தாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குசினித் தரையிலேயே இருந்துவிட்டாள். பொய் சொல்கிறவர் என்றால் துரு என்றல்லவா சொல்லியிருப்பார்! கடலில் கிடந்த சாமானுக்குத் துரு என்று சொல்ல யாருக்கும் வரும். இல்லை என்று சொல்ல, கண்டிருக்கவேண்டும். அப்படியென்றால் இருக்கிறது. அவள் இத்தனை வருடம் கேக் அடித்து, சோறாக்கி, பிள்ளை வளர்த்த இதே கரைக்கு அங்கால், நீலத் தண்ணீருக்கு அடியில், மீன் புகுந்து புறப்பட ஒரு விமானம் சத்தமில்லாமல் வெள்ளை பூத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதை உலகத்தில் கண்ட ஒரே மனுசன் அவளுடைய புருசன். "சுபுஹானல்லா" என்று வாய் தானாகச் சொன்னது. கடலின் பெரிசும் அவரின் பொறுமையின் பெரிசும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன.

அன்று சோறு ஆகவில்லை. செட்டையில் பூசிய துரு முழுவதையும் துடைத்தெடுத்தாள். சட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, வெள்ளைக்குள் ஒரு சொட்டுச் சாம்பல் நிறம் கலந்து, அப்பச்சோடா சேர்த்து, ஸ்பொஞ்சால் ஒற்றினாள். ஊசியால் குத்தினாள். மூக்குக்குள் மட்டும் துருவை விட்டாள். பின்னேரம், அசர் பாங்கு சொன்ன பிறகு ஜமால்தீன் வந்தார். மேசையைப் பார்த்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

மெல்ல வந்து கதிரையில் இருந்தார். மரத்த விரலைச் செட்டைக்கு மேலே, தொடாமல், பிடித்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"இதுதான்" என்றார்.

"ஓம்" என்றாள் ஸல்ஹா. "நீங்க கண்டதுதான்."

இருபது வருடத்துக்குப் பிறகு வந்த அந்த ஓமைக் கேட்டுவிட்டு அவர் பக்கத்துக் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார். அதில் இருந்துகொண்டு அவள் கேட்டாள்.

"அந்த ஆளை ஏன் ஒட்டேல்ல? தீப்பெட்டிக்குள்ள வெச்சிருக்கிற ஆளை?"

ஜமால்தீன் குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடிக்குள்ள எட்டிப் பார்த்தனான். கால் மிதிக்கிற இடத்தில ரெண்டு தோல் சப்பாத்து இருந்திச்சு புள்ள. சோடியா. கழட்டி வெச்ச மாதிரி இல்ல, போட்டிருந்த மாதிரி. வேற ஒண்டும் மிச்சமில்ல. ஆரு பெத்த புள்ளையோ. தண்ணிக்க வாய் திறக்கேலாதே, மனசுக்க ஒரு சலாம் சொல்லிப்போட்டு மேல வந்திட்டன். அது பிளேன் இல்ல, அந்தப் புள்ளை அடங்கின கபுறு. இடத்தைச் சொன்னா பழைய இரும்புக்காரன் கயிறோட போய் இறங்குவான். அதுக்கு நான் பொய்யன் பேர் எடுக்கிறது பரவாயில்ல."

ஸல்ஹா எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். மிச்சமிருந்த வெள்ளையைத் தொட்டு, விமானியின் கண்ணாடிக்கூட்டை உள்ளே ஒன்றும் தெரியாதபடி சுற்றிவர மூடினாள். முடிந்ததும் ஜமால்தீனின் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில், அவளும் ஒரு சலாம் சொன்னாள்.

தன் மகள் வீட்டு விசேசத்துக்குக் கேக் சொல்ல வந்த அலியார் இரண்டு நாள் கழித்து அதைக் கண்டார். பகிடிக்காக வாயைத் திறந்தவர் கிட்டப் போனதும் மூடிக்கொண்டார். மூக்கைப் பார்த்தார், செட்டையைப் பார்த்தார், சரிந்த வாலைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அல்லாவே, இப்பதான் கடலுக்க இருந்து தூக்கின மாதிரி கிடக்கே" என்றார். பிறகு கண்ணாடிக்கூட்டில் முகத்தை வைத்தார். "இதை மட்டும் ஏன் இப்பிடி மூடிப்போட்டீங்க? உள்ளுக்க என்ன இருந்ததாம், ஜமால் சொன்னவனா?"

ஸல்ஹா கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"சரி காக்கா, தேத்தண்ணிய ஆறமுந்திக் குடிங்க" என்றாள்.

முற்றத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஜமால்தீனுக்கு அது கேட்டது. அவர் நிமிர்ந்து யன்னலால் அவளைப் பார்த்தார்.