இடது கால் சப்பாத்து

மூன்றாவது குழியிலும் கால் இல்லை.

வெட்டிய இருவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மெற்றில்டாவைப் பார்த்தார்கள். சேமக்காலையில் அப்பாவுக்கான குழி காலையிலேயே தயாராகிவிட்டது. நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் அவருடைய இடது காலைக் கண்டுபிடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாக வேண்டும். அப்பாவுக்கு அவள் கொடுத்த வாக்கு அது.

பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் சம்மாந்துறை வயலில் உழவு மெஷின் புரண்டு அப்பா கனகரெத்தினத்தின் காலை நசுக்கிவிட்டது. ஆசுபத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்து, துணியில் சுற்றி, கூடப்போன சிநேகிதன் அச்சிமுகம்மதுவின் கையில் கொடுத்தார்கள். அவர்தான் கொண்டுபோய்ச் சேமக்காலைத் தென்னை மரத்தடியில் புதைத்தவர். அதற்குப் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து கல்முனையில் சைக்கிள் திருத்தும் கடை போட்டார்கள்.

சாவதைப் பற்றி அப்பாவுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. எக்காளம் ஊதும், குழி திறக்கும், எழும்பிப் போய் ஆண்டவருக்கு முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதானே என்பார். கவலையெல்லாம் காலைப் பற்றித்தான்.

"தீர்ப்பு நாளில ரெண்டு காலில நிக்கோணும் புள்ள. அதையும் என்னோட வைச்சிடு. எழும்பின கையோட தேடித் திரியேலாது."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சொல்லாத மாதம் கிடையாது. சப்பாத்தைச் சோடியாக வாங்கி, வலதைப் போட்டுத் தேய்த்துவிட்டு, இடதைப் பொலிஷ் பண்ணிப் பெட்டியில் வைப்பார். மரித்தோர் நாளில் அம்மாவின் கல்லறைக்குப் பெரிய மெழுகுதிரி, தென்னை மரத்தடிக்குச் சின்ன மெழுகுதிரி. அச்சிமுகம்மது நெருப்புப்பெட்டியோடு பக்கத்தில் நிற்பார்.

போன வருசம், எழுபத்தெட்டில், அடித்த சூறாவளி அந்தத் தென்னையை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. மரம் நின்ற இடம் இப்போது யாருக்கும் நிச்சயமில்லை. நேற்று விடிய, தேத்தண்ணி குடித்த கையோடு அப்பாவும் போய்விட்டார்.

அச்சிமுகம்மது காலையிலிருந்து சேமக்காலை வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து இடத்தைக் காட்டச் சொல்லி மெற்றில்டா இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். மூன்றாம் தரம் அவளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் மூன்று குழியையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"நாலாவது வெட்ட வேணாம் மகள். ஒங்கப்பாட கால் இஞ்ச இல்ல."

"அப்ப எங்க?"

"எங்கட மையவாடியில."

அன்றைக்கு நடந்ததை அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். உச்சி வெயிலில் சைக்கிளில் வைத்து இங்கேதான் கொண்டுவந்தாராம். பங்குச் சுவாமி மட்டக்களப்புக்குப் போய்விட்டார், கேட்காமல் வெட்ட முடியாது என்றானாம் காவல்காரன். கையிலே சிநேகிதனுடைய கால். அதை வைத்துக்கொண்டு எத்தனை மணித்தியாலம் நிற்பது? முஸ்லிம்களுடைய வழக்கத்தில் துண்டான உறுப்பையும் வெள்ளைத்துணி சுற்றி மண்ணில்தான் வைப்பார்கள். அப்படியே பள்ளிவாசல் மையவாடியில் மரியாதையாக அடக்கிவிட்டார். பின்னேரம் மயக்கம் தெளிந்த கனகரெத்தினம், சேமக்காலையிலதானே வைச்சாய் என்று அழுதுகொண்டு கேட்டபோது வாயிலிருந்து 'ஓம்' வந்துவிட்டது. எந்த இடம் என்றபோது தென்னை மரமும் வந்துவிட்டது.

மெற்றில்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருசமாக அந்த மனுசனை வெறும் மரத்துக்கு மெழுகுதிரி கொளுத்த வைத்தீர்களே என்று கேட்டாள்.

"ஒவ்வொரு வருசமும் சொல்லத்தான் வாற. அவன் அந்தச் சின்னத் திரிய காத்துக்குக் கையால மறைக்கிறதப் பார்த்தா எனக்கு வாய் வராது மகள்."

மையவாடியில் அந்த இடத்துக்கு மேல் எத்தனையோ பேர் அடங்கிவிட்டார்கள். தோண்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் மண்குவியலில் குந்திவிட்டாள். அப்பா அவளுடைய மனக்கண்ணில் எழும்பினார். வெள்ளை உடுப்போடு, கக்கத்தில் பொல்லை ஊன்றி, பிரதான வீதியால் நொண்டி நொண்டி, எழும்பி வருகிற முஸ்லிம் சனத்துக்குள் புகுந்து, என்ட காலைக் கண்டீங்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போனார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது. குழி வெட்டியவர்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அச்சிமுகம்மதுவிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"அவன் ஏன் வாற? நானும் அங்கதானே கிடப்பன். மறுமையில எழும்பின உடனே முதல் வேலையா அந்தக் கால எடுத்துக்கிட்டு ஓடி வருவன். அவன்ட கையில குடுத்துட்டுத்தான் என்ட கேள்வி கணக்குக்குப் போவன்."

கடையில் வாடிக்கையாளரிடம், வெள்ளிக்கிழமை வந்து சைக்கிளை எடுங்க என்று சொல்கிற அதே குரல். அப்பா சொன்ன தவணை எப்போதும் பிசகும். அச்சிமுகம்மது சொன்னால் சொன்னதுதான். அது ஊருக்கே தெரியும்.

மெற்றில்டா எழும்பி, மூன்று குழியையும் மூடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்பாவின் வலது காலுக்குச் சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினாள். இடதை என்ன செய்யப்போகிறாய் என்று சின்னம்மா கேட்டதற்கு, பொறுங்க என்றாள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. கடைக்கு வந்துபோகிற முஸ்லிம் ஆட்களும் மருதமுனையிலிருந்துகூட வந்து மதிலோரம் நின்றார்கள். மண் போட்டு, பாட்டுப் பாடி முடிய, சனம் கலைந்தது. அச்சிமுகம்மது சைக்கிளை உருட்டப் போனபோது மெற்றில்டா பின்னால் ஓடினாள்.

"இதையும் கொண்டு போங்க மாமா. வெறுங்காலைக் கொண்டுவந்து குடுத்தா அப்பா ஏசுவார்."

அவர் சப்பாத்தை வாங்கினார். அதில் ஒட்டியிருந்த மணலை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார். கரியரில் வைத்து, விழுமா என்று இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறி மிதித்தார். வீதியில் திரும்பும்போது பின்னேர வெயிலில் சப்பாத்து மினுங்கியது. அதன் முனை முன்பக்கம் பார்த்திருந்தது.