அக்காள் இடத்துக்கு

ஒண்டிக்கடை நாற்சந்தியில் மைக் பிடித்து எய்ட்ஸ் பற்றிப் பேசுவது என் வேலை. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்லுவேன். மலைமேல் மாரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அக்காள் குப்பாயி அதில்தான் செத்தாள். டாக்டர் சொன்னபோது நானும் அக்காள் புருஷனான மாமாவும்தான் இருந்தோம். அம்மாவிடம் டி.பி. என்றார் மாமா. எங்களிடம் வளரும் அக்காள் மகள் பூங்கொடியை யாரும் ஒதுக்கிவிடக் கூடாதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அந்த மாமா, லாரி டிரைவர் அங்கப்பன், தன் அம்மாவோடு தட்டு மாற்ற வந்திருக்கிறார். செத்த அக்காள் இடத்துக்குத் தங்கச்சி. என்னை யாரும் கேட்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் வேண்டுமாம்.

மாமாவை மிளகுக்கொடிப் பக்கம் கூப்பிட்டேன்.

“நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க.”

“எதுக்கு? கல்லாட்டம் இருக்கறேன்.”

“அப்ப சேலம் போயி ரத்தம் பாத்துட்டு வாங்க.”

சிரித்தார். “பி.ஏ. படிச்சவளுக்கு மாப்பிள்ளை ரத்தம் வேணுமாக்கும். போய்ச் சொல்லு புள்ள. கெட்ட பேரு எனக்கா வரும்? உங்கக்காளுக்குத்தான். அப்பறம் பூங்கொடிய எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துவே?”

அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை.

உள்ளே அம்மா என் தலையில் பூ வைத்தாள். “நொம்பப் பேசாத சாமி. அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு.”

பார்த்தேன். பூங்கொடி என் மடியில் ஏறி, என் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் அம்மா சென்னம்மாள் வெற்றிலைத் தட்டை நீட்டினாள். வாங்கினால் அக்காள் போன வழிதான் எனக்கும். வாயைத் திறந்தால் இந்தப் பிள்ளையை ஊர் என்ன செய்யுமோ.

“அக்காளுக்கு டி.பி. இல்லீங்க அத்தை, எய்ட்ஸ். உங்க பையனையும் ரத்தம் பாக்கச் சொன்னாரு டாக்டர். இன்னிவரைக்கும் போகலீங்க.”

சென்னம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எம்பையன் நல்லாத்தான் இருக்கறான். எஸ்டேட்டு எஸ்டேட்டா வேலைக்குப் போனவ அவ. எங்க வாங்கிட்டு வந்தாளோ.”

அக்காள் மலையிறங்கி அடிவாரம் தாண்டினதே ஆஸ்பத்திரிக்குத்தான். மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பின் அம்மா சொன்னாள்: “இனி உன்னையும் ஒருத்தனும் கட்ட மாட்டான்.” பிறகு பூங்கொடி குடித்த என் டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தாள். காலையில் அதே பிள்ளையின் எச்சில் சோற்றைத் தின்றவள்.

நான் எடுத்து வந்து மற்ற டம்ளர்களோடு வைத்தேன். அம்மா மறுபடி வெளியே வைத்தாள். மறுபடி எடுத்து வந்தேன். விளையாட்டென்று நினைத்துப் பூங்கொடி கைதட்டிச் சிரித்தாள்.