எட்வின் பெயர் ஏறாத சிறுகோள்

அந்தப் புள்ளியை முதலில் பார்த்தவன், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்திதான். லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டம் அது. மேனேஜர் பென்ரிட்ஜ் துரைக்கு வானம் பார்க்கும் பைத்தியம். பங்களா மேட்டில் தொலைநோக்கி வைத்துக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடிப்பார். கண் மங்கிவிட்டதால், தட்டுகளை ஒப்பிட்டு அளக்கும் வேலையைக் கிராணியிடம் விட்டிருந்தார். 1951 ஜனவரியில் ஒரு காலை, இரண்டு தட்டுகளை ஆபீஸ் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, எல்லா நட்சத்திரமும் இருந்த இடத்திலேயே இருக்க ஒன்று மட்டும் நகர்ந்திருந்தது.

துரை எழுதிப் போட்டதற்குச் சீமையின் வானாய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. புதிய சிறுகோள்தான், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றுகிறது. இங்கே ஒரே மேகம், நீங்களே நான்கு மாதம் அளந்து அனுப்புங்கள். பாதை உறுதியாகி, பதினாறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போதும் அகப்பட்டால்தான் நிரந்தர எண் கிடைக்கும். அதன்பின் கண்டவரே அதற்கு ஒரு பெயர் வைக்கலாம்.

"என் மகன் பேரு வைக்கணும், கிராணி. எட்வின்," என்றார் துரை. ஜப்பான்காரன் காலத்தில் கப்பலோடு மூழ்கிப்போன பிள்ளை.

"நல்லா வைங்க தொரை," என்றான் கணேசமூர்த்தி. மனதாரத்தான் சொன்னான்.

அடுத்த மாதமே அவன் தம்பி சன்னாசியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தானாம். சன்னாசி கொடுத்ததெல்லாம் யூனியனுக்குக் குரல்தான். விசாரணை இல்லை. தடுப்பு முகாமில் ஆறாம் வாரம் வயிற்றுப்போக்கில் செத்தான். கணேசமூர்த்தி போய்ப் பார்த்தபோது, நம்பர் எழுதிய ஒரு கட்டைதான் மண்ணில் நின்றது. பெயர்கூட எழுதவில்லை.

திரும்பி வந்து துரையின் டைப்ரைட்டர் மேசையை ஒழுங்குபடுத்துகையில் பழைய கார்பன் தாள் ஒன்று கையில் பட்டது. வெளிச்சத்தில் பிடித்தான். போலீசுக்கு எழுதிய கடிதம். தம்பியின் பெயர். கீழே துரையின் பெயர்.

அவன் அழவில்லை. அன்று பகலே அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். எஞ்சிய ஒவ்வொரு தட்டுக்கும் புள்ளியின் இடத்தை மயிரிழை மயிரிழையாகத் தள்ளி எழுதினான். ஒரேயடியாக மாற்றினால் சீமைக்காரன் கண்டுபிடித்துவிடுவான். மெதுவாக வளைத்தால் வேறொரு பாதையே உருவாகிவிடும். துரை பார்க்காமலே கையெழுத்துப் போட்டுச் சீமைக்கு அனுப்பினார். மழைக்காலம் வந்ததும் தட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தான். மறுபடி அளக்க முடியாதபடி பூஞ்சை மூன்று மாதத்தில் தட்டுகளைத் தின்று முடித்தது.

பதினாறு மாதம் கழிந்தது. சீமையில் கணித்து அனுப்பிய இடத்தில் துரை வாரக்கணக்கில் படம் பிடித்துத் தேடினார். சீமையிலும் தேடினார்கள். வெறும் வானம்தான் இருந்தது. "தொலைந்தது" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

தாடி வளர்ந்த முகத்தோடு துரை ஆபீசுக்கு வந்தார். "நீ ஒரு நாளும் கணக்குத் தப்ப மாட்டியே, கிராணி. இது எப்படித் தப்பிப்போச்சு?"

"தப்பல தொரை. நாந்தான் மாத்தி எழுதினேன்."

துரையின் கை டெலிபோனுக்குப் போனது.

"போலீசக் கூப்பிடுங்கலா. இல்ல, சன்னாசிக்கு எழுதுன மாரி எனக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க. கார்பன் புதுசா வாங்கி வச்சிருக்கேன்."

கை நின்றது. துரை கேட்டார்: "என் மகன் உனக்கு என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. என் தம்பி ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரியான அளவைக் கேட்டுக் கெஞ்சினார். எட்வின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சினார். கணேசமூர்த்தி ஒவ்வொரு சொல்லையும் நின்று கேட்டான். பசித்தவனுக்குச் சோறு இறங்குவதுபோல் அது உள்ளே இறங்கியது.

"சரியான அளவு எழுதுன தாள எரிச்சுட்டேன் தொரை," என்றான்.

இரண்டு மாதத்தில் துரை சீமைக்குக் கப்பலேறினார். அதுவரை ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ்தான் என்று கணேசமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ஒருவரும் வரவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, சிரம்பான் நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டினான். எந்த நாட்டிலோ எவரோ ஒரு சிறுகோளைக் கண்டு, தங்கள் ஊர் ஆற்றின் பெயரை வைத்திருந்தார்கள். சுற்றும் காலம் நான்கு ஆண்டு, மூன்று மாதம். பாதையின் சாய்வைப் பார்த்ததும், தான் தொலைத்த அதே புள்ளிதான் என்று அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எந்தப் பெயரோ இருந்துவிட்டுப் போகட்டும், எட்வின் இல்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான்.