வெந்தலின் வாளி

1632 ஆகஸ்ட் 19. நியூரம்பர்க் நகருக்கு வெளியே இருந்த ஸ்வீடன் படையின் முகாமில், வியாபாரிகள் ஒரு மாட்டை அறுத்தால் அதன் நாக்கு முகாம் அதிகாரிக்குச் சேரும். அவர் அதைப் பார்த்த பிறகுதான் இறைச்சியை விற்கலாம்.

படையின் பின்னாலேயே வண்டியோட்டிப் போய்ச் சிப்பாய்களுக்கு இறைச்சி விற்றுவந்தாள் ஒத்திலியா. அன்று விடிந்தபோது அவளுடைய பசு செத்துக் கிடந்தது. நாக்கு கறுத்து, கொப்புளங்கள் வெடித்திருந்தன. அதைக் காட்டினால் இறைச்சி குழிக்குள் போகும், அவளை முகாமைவிட்டு விரட்டுவார்கள். வெளியே சுற்றிலும் எதிரிப் படை. அறுத்த நாக்கைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கூடாரத்தில் வெந்தல் தன் எருதை அப்போதுதான் அறுத்து, நாக்கை வாளியில் போட்டு மூடியிருந்தான்.

“என்னக்கா, பசுவை அறுத்துட்டியா? எலும்பைத் தவிர என்ன இருக்கும் அதுல?”

“உன் உடம்புல இருக்கிறதைவிட அதிகமாத்தான்டா இருக்கு.”

“சரி சரி. உப்பு வேணும்ல? இரு, எங்கிட்ட கொஞ்சம் கெடக்கு.”

அவன் வண்டிக்குள் ஏறினான். உப்புப் பையைத் தேடிக் குனிந்திருந்த அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் நாக்குகளை மாற்றினாள். அவன் இறங்கி வந்து, இரண்டு கை உப்பை அவள் மடியில் போட்டான்.

அவள் கொண்டுபோன நாக்கைப் பார்த்து அதிகாரி தலையசைத்தார். அடுத்து வெந்தல் வாளியைத் திறந்தான்.

“இது என்னுது இல்லீங்க ஐயா. என் எருது நேத்து வரைக்கும் வண்டி இழுத்துச்சு.”

“அப்ப இது தானா நடந்து வந்து வாளியில ஏறிச்சா?”

காவலர்கள் சிரித்தார்கள். வெந்தல் ஒத்திலியாவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நீதான் பார்த்தியே. நான் கத்திய வைக்கும்போது அது நல்லா நின்னுட்டுதானே இருந்துச்சு? சொல்லேன்.”

“நான் என் வேலையைப் பார்த்துட்டு இருந்தேன் ஐயா.”

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளைக் கூசவைத்தது. வெந்தல் அவளையே பார்த்தான். புரிந்துகொண்டுவிட்டான். திட்டியிருந்தாலாவது அவளால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியும். அவன் வாளியை மூடினான். அவள்தான் மாற்றினாள் என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நல்ல எருதின் இறைச்சியைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினார்கள். வண்டி இழுக்க மாடு இல்லாததால் வெந்தல் ஒரு மூட்டையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒத்திலியா முகாம் வாயில்வரை பின்னாலேயே போனாள். அவனைக் கூப்பிடவில்லை.

அவளுடைய இறைச்சி மாலைக்குள் விற்றுத் தீர்ந்தது.