மதியம் இரண்டு முதல் ஐந்து வரை

"அப்பா எத்தனை மணிக்கு விழுந்தார்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமாமே" என்று கேட்டுக்கொண்டே லிஃப்ட்காரரின் மகள் உள்ளே வந்தபோது, அட்டவணையக்கா அடுத்த மாதத்தில் யாருக்கு எந்தக் கிழமை காவல் என்று பென்சிலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் துகள்களைத் தட்டிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை. அடக்கம் முடிந்து மூன்று நாளாகியும் சரியாகத் தூங்காத கண்கள். அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வெளியூரிலிருந்து வந்து ஒற்றை ஆளாகத் தங்கியிருந்தாள்.

"டாக்டர் தோராயமாத்தான் சொல்றார் அக்கா. விழுந்து ஒன்றரை நாள் உயிரோட இருந்திருப்பாராம். எப்பலேர்ந்து ஒன்றரை நாள்னு யாருக்கும் தெரியல. பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் உங்களைக் கேக்கச் சொன்னார்."

"தேடிப் பார்க்கணும்மா" என்றாள் அட்டவணையக்கா. "நாளைக்குச் சொல்றேனே."

தேடுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு தடவை தட்டினால் திரையில் வந்துவிடும். வந்தவள் தலையாட்டிவிட்டுப் போனபின், அட்டவணையக்கா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒரு கட்டத்தையும் நிரப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறை முன்பு ஒரு சலவைக் கடையின் பின்கட்டு. இணைய கம்பெனி ஒன்று, அறுநூறு வீட்டுக்காகக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது என்று குடியிருப்பைக் கைகழுவிய வருடம், ஆளுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து போட்டு ஆரம்பித்த வேலை இது. இப்போது பதினொரு வீடுகளில் பதினொரு சர்வர் பெட்டிகள், மொட்டைமாடிகளில் ஆன்டெனாக்கள். பிள்ளைகளின் பாடங்கள், மருத்துவமனைச் சீட்டுகள், தண்ணீர் வரும் நேரம், கல்யாணப் பேச்சு, கடைக்காரர் சண்டை எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போய்வந்தன. ஒவ்வொரு பெட்டியும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நான் இருக்கிறேன் என்று தகவல் அனுப்பும். அனுப்பினால் திரையில் பச்சைப் புள்ளி, அனுப்பாவிட்டால் சிவப்பு. அதைப் பார்த்துக்கொள்ள இருபத்து மூன்று பேர், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

சம்பளமில்லாதவர்களை நேரத்துக்கு வரவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பல் டாக்டரிடம் பன்னிரண்டு வருடம் முன்பதிவு எழுதுகிற அட்டவணையக்காவுக்கு அது கைவந்த கலை. வருகிறேன் என்பவர்களில் யார் வரமாட்டார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். இவளிடம் செத்தால்கூட ஒரு வாரம் முன்னாலேயே லீவு சொல்ல வேண்டும் என்று தையல்காரர் கிண்டலடிப்பார். போன சனிக்கிழமைக்குப் பிறகு அவர் அந்தக் கிண்டலை விட்டுவிட்டார். மாதாந்திரமாக லிஃப்ட்காரர் வீட்டுப் பெட்டியில் தூசி தட்டப் போய், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் ஆட்களோடு கதவை உடைத்து உள்ளே போனவர் அவர்தான்.

விதியை எழுதியவள் அட்டவணையக்கா. ஒரு புள்ளி ஒரு மணி நேரம் சிவப்பாகவே இருந்தால் எல்லோருடைய போனிலும் அலாரம் அடிக்கும். காவலில் இருப்பவர் அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் யாராவது நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பெட்டிக்காக எழுதிய விதிதான், ஆட்களுக்காக யாரும் எழுதவில்லை. ஆனாலும் தட்டினால் திறப்பது ஆள்தானே.

லிஃப்ட்காரர் அந்த விதியோடு மல்லுக்கட்டினார். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த காது அவருக்கு. எட்டாவது மாடியில் ஒரு பேரிங் தேய்ந்தால் கீழே நின்று சொல்லிவிடுவார் என்பார்கள். அப்படிப்பட்டவர் தன் ஒற்றை அறை வீட்டில், தலைமாட்டில், விசிறி கிறீச்சிடும் ஒரு பெட்டியை மனமுவந்து வாங்கி வைத்துக்கொண்டார். விசிறியை இரண்டு தடவை கழற்றி எண்ணெய் போட்டும் பார்த்தார். கடைசியில் மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கி, ஐந்து மணிக்கு எழுந்து போடுவதென்று வழக்கம் வைத்துக்கொண்டார். அவருடையது மற்ற பெட்டிகளில் இருப்பதற்கு நகல் வைக்கும் பெட்டி, மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் நின்றுபோகாது. ஆனால் விதிக்கு அது தெரியாதே. தினமும் மூன்று மணிக்கு அலாரம் அடித்தது. தினமும் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, ஒரு மனுஷன் கண்ண மூடக்கூடாதா?" என்று ஒருநாள் படியேறி வந்து கேட்டார். கோபக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் குரலில் கோபமில்லை. "ராத்திரில எனக்குத் தூக்கம் வராது. மதியம்தான் கொஞ்சம் அசருவேன். அப்பப் பார்த்து இருபத்து மூணு பேரும் முறை வெச்சு எழுப்புறீங்க."

அவளுக்கு மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் எதிரிலேயே அந்தப் பெட்டியின் அலாரத்தை மியூட் செய்தாள். எவ்வளவு நேரத்துக்கு என்று திரை கேட்டது. 'குறிப்பிட்ட நேரம்' என்றால் ஏழு கிழமைக்கும் தனித்தனியாக இரண்டிலிருந்து ஐந்து என்று போட வேண்டும். அன்று அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. 'எப்போதும்' என்பதை அழுத்தினாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காரணம் கேட்ட இடத்தில் 'வீட்டுக்காரர் மதியம் தூங்குவார்' என்று எழுதினாள். லிஃப்ட்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அது நடந்து ஐந்து மாதமாகிறது.

போன வாரம் புதன்கிழமை இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு அந்தப் புள்ளி சிவப்பானது. ஐந்து மணிக்குப் பச்சையாகவில்லை. வியாழன், வெள்ளி முழுக்கச் சிவப்பு. காவலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பக்கத்தில் மியூட் அடையாளம் இருந்ததால், அது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை மாலை காவலில் இருந்தது அவள்தான். அந்தச் சிவப்புக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் வயரிங் வேலை செய்கிறவன். பதினொரு ஆன்டெனாவையும் மொட்டைமாடி ஏறிக் கட்டியவன். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டான்.

"நாம பெட்டியத்தானே பாக்குறோம், ஆளையா பாக்குறோம்? நம்ம தலையில எதுக்கு இழுத்துப் போட்டுக்குற?"

"புதன்கிழமை அஞ்சு மணிக்கு அடிச்சிருந்தா ஆறு மணிக்குள்ள யாராவது போயிருப்பாங்க. அப்ப அவர் உசுரோட இருந்தார்."

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "அந்தப் பொண்ணுக்கு நேரம் மட்டும் சொல்லு. பதிவேட்டுல மியூட் பண்ணின வரிய எடுத்துடு. எடுக்கிற உரிமை உனக்கும் எனக்கும்தான் இருக்கு. விஷயம் வெளிய போச்சுன்னா நாளைக்கே பாதிப் பேர் நின்னுடுவாங்க. ஆறு வருஷ உழைப்பு."

அவன் கெட்டவனில்லை. அவள் மனதில் இருந்ததைத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான், அதுதான் அவளுக்கு வலித்தது. கதவடியில் ஒருவர் ஒன்றரை நாள் கிடந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். மூன்று மணியானால் யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பாரோ? இல்லை, இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தானே கேட்டு வாங்கிக்கொண்டது அல்லவா. அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்து முற்றத்துக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் மதியம் பல் டாக்டரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினாள். கையில் பதிவேட்டின் அச்செடுத்த தாள். எந்த வரியையும் எடுக்கவில்லை.

அறையில் பாதி சாமான் பெட்டிகளுக்குள் போயிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் சர்வர் பெட்டி அப்படியே இருந்தது. ஓசை குறைய அவர் அதற்கடியில் ஒரு பழைய ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டிருந்தார். சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. அவர் விரல் கடைசியாகப் பட்ட சுவிட்ச்.

மகள் தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். முதலில் நேரத்தைப் பார்த்தாள். "புதன் ரெண்டு நாலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மேலே ஏறி ஐந்து மாதத்துக்கு முந்தைய வரிக்குப் போனாள்.

"இந்த 'எப்போதும்'னா?"

"உங்க அப்பா பெட்டி எவ்வளவு நேரம் அணைஞ்சிருந்தாலும் எங்களுக்கு அலாரம் அடிக்காதுன்னு அர்த்தம். நான்தான் அழுத்தினேன். மூணு மணி நேரத்துக்கு மட்டும் போட்டிருக்கலாம். போட்டிருக்கணும். போட்டிருந்தா அன்னைக்குச் சாயந்தரமே யாராவது வந்து கதவத் தட்டியிருப்பாங்க."

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள்.

"நீங்கதானா அது" என்றாள் கடைசியில். "அப்பா போன்ல சொன்னார். இப்பல்லாம் நிம்மதியாத் தூங்குறேம்மா, ஒரு பொண்ணு எனக்காக ஏற்பாடு பண்ணிக் குடுத்துருக்கு, நல்லா இருக்கட்டும்னார். அவர் அப்படி யாரையும் சொல்லி நான் கேட்டதில்ல."

திட்டியிருந்தால் அட்டவணையக்கா தாங்கியிருப்பாள்.

"இப்பப் போங்க" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. "நான் வீட்டக் காலி பண்ணணும்."

அன்று மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள், ஒன்றையும் விடாமல். புருஷன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலைக் காவலில் இருந்த ரொட்டிக்கடைக்கார அம்மா, "நானும்தானே பாத்தேன், சிவப்பாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். யாரோ, இது நம்ம பொறுப்பே இல்லை என்று ஆரம்பித்தார்கள். யாரோ, இனி நான் வரலாமா என்று யோசிக்கணும் என்றார்கள். தையல்காரர் மட்டும் கேட்டார்.

"அந்த மியூட் இன்னும் அப்படியே இருக்கா?"

இருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகும் அவள் அதை எடுக்கவில்லை. எடுப்பதற்குப் பயம். எல்லோரும் பார்க்கத் திரைக்குப் போய் அதை எடுத்தாள்.

பதினான்கு போன்களும் ஒரே நேரத்தில் அலறின. சட்டைப்பைகளில், கைப்பைகளில், மேசைமேல். எட்டு நாளாகச் சேர்ந்திருந்த அலாரம். அதை நிறுத்த ஒருவர் கையும் போகவில்லை. அன்று காவல் ரொட்டிக்கடைக்கார அம்மாவுடையது. அவள் ஒரு நிமிடம் எல்லோரையும் பார்த்தாள். பிறகு விதிப்படி லிஃப்ட்காரர் வீட்டு எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அடித்து அடித்து நின்றது.

"எடுக்கல" என்றாள்.

தையல்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். அவர் வீடுதான் அதற்குப் பக்கம்.

"நான் போறேன் அண்ணே" என்றாள் அட்டவணையக்கா.

தெருவில் அவள் பையில் அலாரம் அடித்துக்கொண்டே வந்தது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மாடிப்படி அன்றைக்கு இரண்டாவது முறை. புதிதாகத் தாழ்ப்பாள் மாற்றிய கதவு. இந்தச் சத்தம் உள்ளேயும் கேட்டிருக்கும். அவள் தட்டினாள். போங்க என்று சொன்னவளின் கதவு என்று தெரிந்தேதான் தட்டினாள், மூன்று முறை, உள்ளே விழுந்து கிடப்பவருக்கும் கேட்கிற மாதிரி.

பதிலில்லை. கொஞ்சம் பொறுத்துக் காலடிச் சத்தம் கேட்டது. கதவை நோக்கி வரவில்லை, அறையின் மறுகோடிக்குப் போனது. ஒரு சுவிட்ச் விழுந்தது. முதலில் ஒரு முனகல், அப்புறம் சுழன்று ஏறிய விசிறி, அதன் நடுவே அந்தக் கிறீச்.

பெட்டி விழித்துத் தகவல் அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும். அவள் படியில் உட்கார்ந்தாள். பையில் போன் அடித்துக்கொண்டேயிருந்து, சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதன் அருகே கட்டிலில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது.