கடலாச்சிக்கு ஒரு கருமாதி

நான் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமைதான் என் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிற்றுக்கிழமை என்று அப்போது நினைத்தேன். என் அம்மா ஏஞ்சலம்மாளிடம் இதைச் சொன்னால் துடைப்பத்தைத் தூக்குவாள். செத்தது நானில்லை, கடலாச்சி. ஆனால் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் மத்தியானம் நான் கடலாச்சியாகத்தான் இருந்தேன். அப்படிப் பார்த்தால் நான்தான்.

விளையாட்டின் பெயர் சால்ட் குரோன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். கோட்டை, கடல், பூதம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல வரும். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலிக்குமா என்பதை இருபது முகம் வைத்த பகடை முடிவு செய்யும். எங்கள் மேஜையில் கதை நடத்துபவனைச் சாமி என்று கூப்பிடுவோம். அவன்தானே உயிர் கொடுக்கிறான், எடுக்கிறான்.

சாமி வெங்கி. மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் அவன் வீட்டில்தான் ஆட்டம். அவன் மனைவி ஷ்ருதி என்னோடு சயானில் காலேஜ் படித்தவள். என்னை இதற்குள் இழுத்துப் போட்டவள் அவள்தான். மூன்றாவது ஆள் வெங்கியின் சித்தப்பா மகன் நகுல். நாலாவது நான். காலைப் பூசை முடிந்து, வீட்டில் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, தாராவியிலிருந்து நடந்தே போவேன். மீன் வாசனை போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டுதான் அந்த வீட்டுப் படியேறுவேன். யாரும் கழுவச் சொன்னதில்லை. நானாகத்தான் செய்தேன்.

நகுலின் மந்திரவாதிக்கு ஈல்டோரியன் என்று பெயர். ஷ்ருதியின் வில்லுக்காரிக்கு மூன்வெய்ல். அந்தப் பெயர்களெல்லாம் எனக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி. என்னுடையவளுக்குக் கடலாச்சி என்று வைத்தேன். படகு ஓட்டுபவள், கையில் எறியீட்டி, யாருக்கும் அடங்காதவள். எங்கள் வீட்டில் பேசுகிற திருநெல்வேலிப் பேச்சையே அவளுக்கும் கொடுத்தேன். எதிரே மலை போல் பூதம் நிற்கும். கடலாச்சி, "ஏலே, ஒதுங்குல, வழியில நிக்காத" என்பாள். ஷ்ருதி மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுமளவுக்குச் சிரிப்பாள்.

மூன்றாம் பதிப்பு வரப்போகிறது என்று வெளிநாட்டிலிருக்கும் கம்பெனி அறிவித்த நாளிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சில்லை. எது மாறும், எது போகும், எந்தப் படம் அட்டையில் வரும் என்று சண்டை. பழைய பதிப்பில் படகுக்காரிக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஏதோ மந்திரவாதிகளை அக்கரை சேர்க்கிற டாக்ஸி டிரைவர் மாதிரி வைத்திருந்தார்கள். புதியதில் கடலுக்கென்றே ஒரு பெரிய பகுதி வருகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சயானில் ஒரு கண் கிளினிக்கில் பார்வை சோதிக்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்கள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், நான் போனில் புதிய பதிப்பைப் பற்றிய சேதியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒரு விதி மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. உயிரோடிருக்கும் பாத்திரங்கள் புதிய பதிப்புக்குள் அப்படியே வரலாம். செத்தவர்கள் செத்தவர்கள்தான். அதனால் கடலாச்சியை எப்படியாவது உயிரோடு அக்கரை சேர்த்துவிட வேண்டும் என்பதே என் ஒரே எண்ணமாக இருந்தது. யாருக்கும் அடங்காதவளைப் பிடித்துப் பிடித்து நிறுத்தினேன். கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டால் மற்றவர்களை முதலில் போகச் சொன்னேன். நகுல் என்னைப் பார்த்து எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று கேலி செய்தான்.

பழைய பதிப்பின் கடைசி ஆட்டம் வந்தது. கடலுக்கடியில் ஒரு கோட்டை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றான் வெங்கி. வெளியேற ஒரே ஒரு மதகு. யாராவது ஒருவர் உள்ளே நின்று கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவர்கள் தப்பலாம். பிடிப்பவர் பிழைக்கப் பகடையில் பதினெட்டுக்கு மேல் விழ வேண்டும். கதவை நிறுத்த ஏதாவது மந்திரம் மிச்சமிருக்கிறதா என்று நகுலைக் கேட்டேன். மிச்சக் கணக்கை எழுதி வைத்திருக்கும் தன் தாளைப் பார்க்காமலேயே இல்லை என்றான். ஷ்ருதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடலாச்சிக்குத்தானே பழக்கம் என்று மெல்லச் சொன்னாள்.

எனக்குப் புரிந்தது. யாராவது ஒருவர் என்றால் அது கடலாச்சிதான். அந்த விதி தெரிந்ததிலிருந்து ஒன்றரை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தவளை எடுத்து மதகடியில் நிறுத்தினேன். "போங்க எல்லாரும், நான் பிடிச்சிக்கிட்டேன்" என்றேன். பகடையில் ஏழு விழுந்தது.

ஷ்ருதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நகுல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நானும் அழுதேன், ஆனால் உள்ளுக்குள் அப்படியொரு பெருமை. எனக்கு மிகவும் வேண்டியதை இவர்களுக்காகக் கொடுத்துவிட்டேன், அதைக் கொடுக்குமளவுக்கு இவர்கள் எனக்கு உண்டு என்ற பெருமை. வீங்கிய கண்ணோடு வீட்டுக்குப் போனேன். யார் செத்தது என்று அம்மா கேட்டாள். கடலாச்சி என்றேன். எந்தத் தெரு என்று கேட்டாள்.

பரவாயில்லை, புதிய பதிப்புக்குக் கடலாச்சியின் தங்கச்சியை உருவாக்கிக்கொள்ளலாம் என்று மறுநாளே மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளுக்குப் பெயர்கூட யோசித்தாயிற்று. ஆள் போனாலும் நாற்காலி இருக்கிறதே.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் செத்தால் கருமாதி. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் இலை போட்டுச் சாப்பிட்டு, செத்த ஆளைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுவோம். ஒருமுறை ஷ்ருதி விட்ட அம்பு குறி தவறி நகுலின் பழைய பாத்திரத்தைக் கொன்றுவிட்டது. அந்தக் கருமாதியில் அவளுக்குப் பாயசம் இறங்கவில்லை. கொன்றவள் எப்படிக் குடிப்பேன் என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. பூதம் கொன்றால் அது விதி, எல்லாரும் குடிக்கலாம், சாமியும் குடிக்கலாம். மனிதக் கையால் செத்தால், அந்தக் கைக்குப் பாயசம் கிடையாது. வீட்டுப் பூஜை விளக்கையே சுவிட்ச் போட்டு ஏற்றுகிறவர்கள் இவர்கள். ஆனால் இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் மீறியதில்லை.

கடலாச்சிக்கும் இலை போட்டோம். வெங்கி ரசத்தோடு நிறுத்திக்கொண்டான். கடலாச்சியைப் போல் ஒருத்தி இனி வரமாட்டாள் என்று ரொம்ப நேரம் பேசினான். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு பாயசம் வந்தது. நான் குடித்தேன். நகுல் வயிறு சரியில்லை என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். வெங்கி, எப்போதும் இரண்டாம் கிண்ணம் கேட்கிறவன், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷ்ருதி கிண்ணத்தை வாய் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கீழே வைத்தாள்.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். சத்தியமாக விளையாட்டாகத்தான்.

"என்னட்டி, மூணு பேருமா சேந்து கொன்னிய?"

பரிமாறுகிறவர் வந்து இன்னும் கொஞ்சம் விடவா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மூன்று கிண்ணத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். மூன்றும் நிறைந்திருந்தன.

நகுல்தான் முதலில் வாயைத் திறந்தான். அன்றைக்குத் தன்னிடம் ஒரு மந்திரம் மிச்சம் இருந்தது என்றான். குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மீதியை ஷ்ருதி சொன்னாள். புதிய பதிப்பு வருவதையொட்டி, அதை இங்கே விற்பவர்கள் சில குழுக்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஆடுவதை யூடியூபில் காட்டப்போகிறார்கள். வெங்கி கேட்டுப் பார்த்தான், இடம் கிடைத்துவிட்டது. சாமியோடு சேர்த்து நாலே பேர். நாலாவது இடத்துக்கு விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் கேஷவ் என்று ஒருவனைப் பேசி முடித்துவிட்டார்கள். இதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்த கதை. கிறிஸ்துமஸுக்கு இந்த மூன்று பேரும் தாராவியில் என் வீட்டில் உட்கார்ந்து அம்மா சுட்ட முறுக்கைத் தின்றார்கள். கடலாச்சி புதிய பதிப்பில் என்ன ஆயுதம் எடுக்கலாம் என்று நான் கேட்டதற்கு மூன்று பேரும் யோசனை சொன்னார்கள்.

"நேரா சொன்னா நோக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சுனிதா" என்றான் வெங்கி. "அதுக்குத்தான் நல்ல முடிவா ஒண்ணு குடுக்கணும்னு பாத்துப் பாத்துச் செஞ்சோம்."

பாத்துப் பாத்துச் செய்தார்களாம். மதகு, தண்ணீர், பதினெட்டு எல்லாம் ஞாயிறு அல்லாத ஒரு நாளில் மூன்று பேரும் காப்பி குடித்துக்கொண்டே பேசி வைத்தது. நானாகவே போய் நிற்பேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு என்னைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வேறு எதற்காவது அந்தப் புரிதலைப் பயன்படுத்தியிருக்கலாம்.

நாலு பேரில் ஏன் நான் என்று கேட்டேன். வெங்கி ஷ்ருதியைப் பார்த்தான். ஷ்ருதி தண்ணீர் குடித்தாள்.

"நீ பேசறது எங்களுக்குப் புரியும் சுனி. பாக்கறவாளுக்குப் புரியணுமே."

நாள் முழுக்க மராத்தியிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஊர்ப்பட்ட பேருக்குக் கண் பார்க்கிறேன். மேல் வரியைப் படியுங்கள், கீழ் வரியைப் படியுங்கள் என்று நான் சொல்வது எல்லாருக்கும் புரிகிறது. இங்கிலீஷில் ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தால் கடலாச்சிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருப்பேன். விஷயம் அதுவல்ல என்று அந்த இலை முன்னால்தான் உறைத்தது. ஆறு வருடம் மேஜையில் தலை வைத்து ஷ்ருதி சிரித்தாளே, பூதத்தை விரட்டுகிற துணிச்சலுக்குச் சிரிக்கிறாள் என்றல்லவா நினைத்தேன். அவள் சிரித்தது என் வாய்க்கு. அதை வீட்டுக்குள் வைத்துச் சிரிக்கலாம், நாலு பேர் பார்க்க வெளியே கொண்டுபோக முடியாது.

அன்று அழுததும் நடிப்பா என்று ஷ்ருதியிடம் கேட்டேன். இல்லை, அழுதது நிஜம் என்றாள். நடிப்பு என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நிஜமாகவே அழுதுகொண்டு, கையையும் பிடித்துக்கொண்டு, அப்படியே மதகுக்குள் விட்டுவிட்டாள். வெறுப்பில் செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

வெங்கிக்குச் சமாதானம் செய்ய வேண்டும் போலிருந்தது. புதிய பதிப்பின் கதையில் கடலாச்சியை மறக்கப் போவதில்லை என்றான். கடற்கரையில் அவளுக்கு ஒரு கோயில் வைக்கப் போகிறானாம். ஈல்டோரியனும் மூன்வெய்லும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அங்கே வந்து விளக்கேற்றுவார்களாம். அதை மூவரும் சேர்ந்து யோசித்ததாகச் சொன்னபோது அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"கட்டுங்க" என்றேன். "எங்க பக்கத்துலயும் அப்படித்தான். பொம்பளப்பிள்ளைய அடிச்சிக் கொல்லுததும் அவங்கதான், அந்தப் பிள்ளைக்கே கோயிலு கட்டுததும் அவங்கதான். கட்டிட்டு வம்சத்துக்கும் பயந்து பயந்து கும்பிடுவாங்க. நீங்களும் கும்பிடுங்க."

இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பது, இனி இந்த வீட்டில் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். ஷ்ருதிக்கு அது தெரியும். சுனி, சுனி என்று வாசல் வரைக்கும் வந்தாள். நான் கை கழுவாமலே ரோட்டில் இறங்கிவிட்டேன்.

ஆட்டப் புத்தகம் வைத்த பெட்டி ஆளுக்கு ஒன்றாக, நாலுக்கும் முன்பே சேர்த்துத்தான் ஆர்டர் போட்டிருந்தோம். புதிய பதிப்பு வந்ததும் என்னுடையதை ஷ்ருதி கிளினிக்குக்கு அனுப்பி வைத்தாள். அப்போது உள்ளே ஒரு பாட்டையா கண்ணில் மருந்தோடு உட்கார்ந்திருந்தார். திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் எத்தனை நாள் காத்திருந்தது, கை கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்தேன். கடல் பகுதியைத் தேடிப் புரட்டினேன். நீலத்தில் பெரிய படம், அலை, படகு, படகில் கையை ஓங்கிக்கொண்டு ஒரு பெண். நான் நினைத்ததைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். அழுகை வந்தது.

சரி, இவர்கள் இல்லாவிட்டால் என்ன, முதலிலிருந்து ஒழுங்காகப் படிப்போம் என்று முதல் பக்கத்துக்குப் போனேன். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று அங்கே போட்டிருந்தது. முதல் வரி இதுதான்: நீங்கள் நம்புகிறவர்களை மேஜையைச் சுற்றி உட்கார வையுங்கள்.

அதற்கடுத்த வரியை நான் இன்னும் படிக்கவில்லை.