பிரேக்கில் கால் வைத்தவர்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் பக்கம் ஸ்டியரிங் கிடையாது. ஒரு பிரேக் மட்டும்தான் உண்டு. அதை மிதித்துத்தான் நம் வாத்தியாருக்குப் பத்து வருடமாகப் பிழைப்பு நடக்கிறது. அதனால் பஸ்ஸில் போனாலும், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும், எவனாவது குறுக்கே வந்தால் அவர் கால் தானாகத் தரையை அழுத்தும். தரை என்ன பாவம் செய்ததோ!

மனைவியின் ஐந்தாம் மாத ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, கருப்பை வாய் நீளம் குறைந்திருக்கிறது என்றபோதும் அப்படித்தான் அழுத்தினார். போன முறை குழந்தை ஆறாம் மாதமே பிறந்து, தங்காமல் போய்விட்டது.

"புரோஜெஸ்டிரோன் மாத்திரை தர்றேன். கருப்பை சுருங்காம அமைதியா இருக்க உடம்பே சுரக்கிற சரக்குதான். உங்களை மாதிரி இருக்கிறவங்க பல பேருக்கு உதவியிருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன். குறைமாசத்துல பிறக்காம இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்."

"அப்ப பிரேக்னு சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

"அப்படியே வெச்சுக்குங்க" என்று டாக்டரம்மா தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார்.

அன்று படுக்கப் போகும் நேரத்தில் வாத்தியார் டம்ளரில் வெந்நீரோடு வந்து நின்றார்.

"வாயைத் திற."

"இது வாயில போடுற மாத்திரை இல்லைங்க."

"நாக்குக்கு அடியிலயா?"

"ம்ஹும்."

"பின்னே எங்கேதான் வைக்கிறது?"

மனைவி காதோடு சொன்னாள். வாத்தியார் அந்த வெந்நீரை ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டு, அசடு வழிய வெளியே போனார்.

மனைவி எப்போதும்போல வேலைக்குத் தையல் கடைக்குப் போகலாம், நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இந்த மனிதர் விடுவாரா? மாடிப்படி கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கவே கூடாது. டிவியில் காமெடி வந்தால் பாய்ந்துபோய் அணைத்தார்.

"தும்மலை எப்படிங்க நிறுத்துறது?"

"மூக்கைப் பிடிச்சுக்கோ."

அதைக் கேட்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில்தான் இந்தக் கூத்து என்றில்லை. அந்த மாதங்களில் அவரிடம் வண்டி பழகியவர்கள் யாரும் மூன்றாவது கியரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மாத்திரை வேலை செய்ததோ, அதிர்ஷ்டமோ, வயிறு மாதம் தவறாமல் வளர்ந்தது. ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இனிமே மாத்திரையை நிறுத்திடலாம்" என்றார்.

வாத்தியார் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "நிறுத்தறதா? நல்லாப் போயிட்டிருக்கும்போது எதுக்கு டாக்டர்? இன்னும் ரெண்டு மாசம் எழுதிக் கொடுங்க."

"ரெண்டு மாசமா? குழந்தை உள்ளேயே பள்ளிக்கூடம் போகுமா?"

"அப்ப ஒரு மாசம்?"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மனைவிதான் வாத்தியாரின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என்னங்க, இத்தனை நாளா அது வெளியே வந்துடக் கூடாதேன்னே பயந்துட்டோம். எனக்கு அதைப் பாக்கணுங்க. கையில தூக்கணும்."

குழந்தையைப் பிடித்து நிறுத்தும் அவசரத்தில், அதற்கு ஒரு முகம் இருக்கும் என்பதையே வாத்தியார் மறந்துபோயிருந்தார்.

திரும்பும் வழியில், அவள் கேட்காமலே, ஒரு குழந்தைத் துணிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். வீட்டில் ஒரு பொட்டுத் துணிகூட வாங்கி வைத்திருக்கவில்லை. வாங்கலாம் என்று சொல்ல இருவருக்குமே இதுவரை தைரியம் வந்ததில்லை.

"குழந்தைக்கு எத்தனை மாசம் சார்?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"இன்னும் வரலைம்மா." மனைவியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "வந்துடும்."

அவள் ஒரு சின்னஞ்சிறு சட்டையை எடுத்து அவர் கையில் விரித்து வைத்தாள். வாத்தியார் கடை என்றும் பாராமல் விசும்பி அழுதார்.

கடைப்பெண் பதறிப்போய், "பிடிக்கலைன்னா வேற கலர் காட்டறேன் சார்" என்றாள்.

"காட்டும்மா" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாத்தையும் காட்டு."